காப்புரிமை வளர்த்த கூட்டாய்வு எங்கே?

வெளிநாடுகளோடு வணிக ஒப்பந்தம் பேச உட்காரும்போதெல்லாம் இந்தியாவுக்கு ஒரு புத்திமதி சொல்லப்படுகிறது. மருந்துக் காப்புரிமையை இன்னும் இறுக்குங்கள், அப்போதுதான் உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் உங்கள் ஆய்வுக்கூடங்களோடு கைகோக்கும் என்பது அந்தப் புத்திமதி. கண்டுபிடித்தது பறிபோகும் என்ற பயம் இருக்கிற நாட்டுக்கு யாரும் தங்கள் மூலக்கூறை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். உரிமை பத்திரமாக இருந்தால்தான் பகிர்ந்துகொள்ள மனம் வரும். ஆகவே அறிவுசார் சொத்துரிமை எவ்வளவு வலுவோ அவ்வளவு கூட்டாய்வு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. அயல்நாட்டுப் பேச்சாளர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. நம் பொருளாதாரப் பத்திகளை எழுதுகிறவர்களும், பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்களும், ஆய்வு நிதியைப் பங்கிடும் அதிகாரிகளும் நல்லெண்ணத்தோடு இதை நம்புகிறார்கள். இருந்தும் இது தவறு. நடந்த வரலாறு நேர் எதிராக இருக்கிறது.

காசநோயை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்கிறேன். 2023-ல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டது. 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர். எந்தத் தனி நாடும் இந்த நோய்க்கான மருந்தைத் தனியாகக் கண்டுபிடித்து, தனியாகச் சோதித்து முடிப்பது எளிதல்ல. கிருமி ஓரிடத்தில், வேதியியல் வேறிடத்தில், பணம் இன்னோரிடத்தில், நோயாளிகள் மற்றோரிடத்தில் இருக்கிறார்கள். கூட்டாய்வு இல்லாமல் ஓர் அடி நகராத துறை இது. காப்புரிமைதான் கூட்டாய்வின் தாய் என்றால் அந்தப் பந்தம் இங்கேதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

1956-ல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அதை உருவாக்கின. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் முதல் இயக்குநர். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தை ஒட்டிய ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கு? நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், வேலைக்குப் போய்க்கொண்டே மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகுமா என்பது கேள்வி. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வீட்டிலேயே சிகிச்சை, மறு பாதிக்கு சானடோரியத்தில். இரு பாதிக்கும் ஓராண்டு அதே மருந்துகள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் முகத்தையே மாற்றிய ஆய்வு அது. சானடோரியங்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது ஃபாக்ஸையும் சென்னை மருத்துவர்களையும் பாராட்டுவார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இப்படியொரு கேள்வியைக் கேட்கவே முடிந்தது எதனால் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர்கள் கொடுத்த மருந்துகள் இரண்டு: ஐசோனியாசிட், பாஸ். இதில் ஐசோனியாசிட்டின் கதை நம் விவாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது. 1952-ல் ரோஷ், ஸ்குவிப், பேயர் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், தனித்தனியாக, இது காசநோய்க் கிருமியைக் கொல்கிறது என்று கண்டார்கள். மூவரும் காப்புரிமையை நினைத்துத்தான் இறங்கியிருப்பார்கள். ஆனால் அந்த மூலக்கூறு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1912-ல், பிராக் நகரத்தின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மெயர், மாலி என்ற இரண்டு வேதியியலாளர்களால் உருவாக்கப்பட்டு அச்சிலும் வந்திருந்தது. எதற்குப் பயன்படும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே மூலக்கூறை யாரும் தனக்கே என்று பிடித்துவைக்க முடியவில்லை. வெகு சீக்கிரத்தில் அது மலிந்துபோனது. மலிந்ததால்தான் ஏழை நோயாளிகளுக்கு ஓராண்டு முழுக்க வீட்டில் வைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே சாத்தியமாயிற்று. யாரிடமும் உரிமம் கேட்டுக் காத்திருக்கவில்லை. முடிவு யாருக்குச் சொந்தம் என்ற பேரம் இல்லை. நான்கு அமைப்புகளும் நோயை மட்டும் முன்னால் வைத்து உட்கார்ந்தன.

இதற்கும் முந்தையது ஸ்ட்ரெப்டோமைசின். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து. முன்பே செய்துகொண்ட ஒப்பந்தப்படி அதன் தனியுரிமை மெர்க் நிறுவனத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கையில் இது இருப்பது சரியில்லை என்று வாக்ஸ்மன் கேட்டுக்கொண்டார். 1946-ல் மெர்க் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. பல நிறுவனங்கள் தயாரிக்க வழி பிறந்தது. அன்று அந்த நிறுவனம் செய்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே மருந்தில் உரிமைத்தொகை என்ற ஒன்று மிஞ்சியிருந்தது. அது என்ன செய்தது? ஆய்வுமேசையில் அந்த மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிரை முதலில் பிரித்தெடுத்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1950-ல் தன் ஆசிரியர் மீதே வழக்குப் போட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். விட்டுக்கொடுத்த உரிமை மருந்தைப் பரப்பியது. பிடித்துவைத்த உரிமை ஒரே கூடத்தில் உழைத்த இருவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது.

இதெல்லாம் பழங்கதை, அன்றைய மருந்தாய்வுக்கு இவ்வளவு செலவாகவில்லை, இன்றைக்குக் காப்புரிமை இல்லாமல் யார் பணம் போடுவார்கள் என்று கேட்பார்கள். சரி, மாற்றுத் தரப்பின் மிக வலுவான உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெடாகுவிலின். பெல்ஜியத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஜான்சென் பிரிவில் கூன் ஆண்ட்ரீஸ் குழு கண்டுபிடித்து 2005-ல் உலகுக்கு அறிவித்தது. 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் புதிய வகை மருந்து எதுவும் வராத துறையில் புதிய வழியில் கிருமியைத் தாக்கும் மருந்து. தனியார் நிறுவனம், காப்புரிமை, வெற்றி. இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்பார்கள்.

கண்டுபிடித்தவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கண்டுபிடிப்புக்கும் நோயாளியின் கைக்கும் நடுவே இருந்த நீண்ட பாதையில் யார் யார் நடந்தார்கள்? அமெரிக்க அரசின் ஆய்வு நிதி, டிபி அலையன்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தென்னாப்பிரிக்க அரசின் சிகிச்சைத் திட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல நாடுகளில் தங்கள் உடம்பைச் சோதனைக்குக் கொடுத்த நோயாளிகள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்த மருந்தை வளர்த்தெடுக்கப் பொதுப்பணம் நிறுவனம் போட்டதைவிட 1.6 மடங்கு முதல் 5.1 மடங்கு வரை அதிகம். அமெரிக்க அரசு அந்த நிறுவனத்துக்கு வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கக் கோரும் முன்னுரிமைச் சீட்டையும் வழங்கியது. சந்தையில் பெருந்தொகைக்கு விற்கக்கூடிய சீட்டு அது. பணம் போட்டவர்கள் பலர், உழைத்தவர்கள் பலர். உரிமைப் பத்திரத்தில் மட்டும் ஒரே பெயர்.

அந்தப் பத்திரம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதுதான் என் மனதை அறுக்கிறது. மூல மருந்தின் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியிருந்தது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு, 2027 வரை நீட்டிக்க நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தது. அதை எதிர்த்து நின்றவர்கள் நந்திதா வெங்கடேசன், பூமெசா திசிலே. ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். காசநோயிலிருந்து மீண்ட இருவரும் பழைய ஊசி மருந்துகளின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், காசநோய் மருந்துகளை உலக நாடுகளுக்காக மொத்தமாக வாங்கும் அமைப்பு அறிவித்த விலை, ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு 130 டாலர். முன்பிருந்த விலையில் பாதிகூட இல்லை. லூபின் போன்ற இந்திய நிறுவனங்கள் போட்டிக்கு வந்ததன் விளைவு. செப்டம்பரில் ஜான்சன் அண்ட் ஜான்சன், 134 நாடுகளில் தன் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. இரண்டு நாடுகளின் நோயாளிகள் கைகோத்தார்கள். சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு அவர்களுக்குக் கைகொடுத்தது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பலன் தருவதாக நிரூபித்தால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிற 3(டி) பிரிவைத்தான் சொல்கிறேன். கூட்டாய்வுக்குத் தடை என்று வெளிநாடுகள் ஆண்டுதோறும் குறைசொல்கிற பிரிவு அது.

அந்தப் பிரிவு ஆய்வைத் துரத்தும் என்ற எச்சரிக்கை புதிதில்லை. நோவார்ட்டிஸ் தன் கிளிவெக் புற்றுநோய் மருந்துக்காகச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் 2006-ல் தள்ளுபடியானது. 3(டி)-யையே ரத்து செய்யக் கேட்ட வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று முடித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இனி இந்தியாவுக்கு ஆய்வு வராது என்றார்கள். ஆய்வு எப்போது வந்தது, எப்போது போனது என்று பெங்களூரைக் கேட்போம். ஆஸ்ட்ரா நிறுவனம் 1980-களில் அங்கே ஆய்வு மையம் தொடங்கியது. அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் தந்த அறிக்கையின் வழியில் வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், தயாரிப்பு முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. ஆஸ்ட்ராசெனகா ஆனபிறகு அதே நிறுவனம் 2003-ல் காசநோய் ஆய்வுக்கென்றே பெங்களூரில் புதிய கூடம் திறந்தது. அப்போதும் அந்தக் காப்புரிமை இல்லை. 2005-ல் சட்டம் மாறியது. மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. 2014-ல் கூடம் மூடப்பட்டது. சட்டத்தால் மூடப்பட்டது என்று சொல்லமாட்டேன். லாபம் தராத நோய்களிலிருந்து அந்த நிறுவனம் உலகெங்கும் விலகிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வருவது, காப்புரிமை அந்த ஆய்வை அழைத்துவரவும் இல்லை, போகும்போது நிறுத்தவும் இல்லை. அதே காலத்தில் ஃபைசரும் நோவார்ட்டிஸும் காசநோய் ஆய்வை விட்டார்கள். காப்புரிமை மிக வலுவாக இருக்கும் நாடுகளில் தலைமையகம் கொண்ட நிறுவனங்கள் அவை.

இதைவிட ஆழமான ஒரு பிரச்சினை இருக்கிறது. பத்திரிகைகள் இதைப் பேசுவதே இல்லை. காசநோயை ஒரு மருந்தால் குணப்படுத்த முடியாது. ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும். மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்தே தர வேண்டும். ஆகவே ஆய்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதை எதோடு சேர்ப்பது? காப்புரிமையோ மருந்துகளைத் தனித்தனி மதில்களுக்குள் வைக்கிறது. பெடாகுவிலின் 2012-ல் அனுமதி பெற்றது. ஜப்பானின் ஒட்சுகா நிறுவனத்தின் டெலமனிட் 2014-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எதற்கும் மசியாத காசநோயால் சாகக் கிடந்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா, இதயத்துக்கு ஆபத்து வருமா என்பது மருத்துவர்களின் அன்றாடத் தவிப்பு. தன் மருந்தை இன்னொருவர் மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில் எந்த நிறுவனத்துக்கும் தனி ஆதாயம் இல்லை. பக்கவிளைவு தெரிந்தால் தன் மருந்தின் பெயரும் கெடும். பெருவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த சோதனையின் முழு முடிவு 2021-ல்தான் ஆய்விதழில் வெளிவந்தது. அதற்குள் எத்தனை பேர் பதில் தெரியாமலே போனார்களோ என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மதில் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரெட்டோமனிட் என்ற மூலக்கூறை 2002-ல் கைரான் நிறுவனம் டிபி அலையன்ஸுக்குக் கொடுத்தது; நோய் மிகுந்த ஏழை நாடுகளில் உரிமைத்தொகை கேட்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டே கொடுத்தது. லாபத்தைக் காக்கும் கடமை இல்லாத ஓர் அமைப்பின் கையில் மருந்து இருந்ததால், அது பெடாகுவிலினையும் லினசோலிடையும் பக்கத்தில் வைத்துத் தன் மருந்தைச் சோதித்தது. தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளிடம் நடந்த நிக்ஸ் டிபி சோதனையில், மிகக் கடுமையான மருந்து எதிர்ப்புக் காசநோய் கொண்டவர்களில் 90 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. முன்பு இதே நோய்க்கு ஊசிகளோடு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் சிகிச்சை. இப்போது ஆறு மாதம், மாத்திரை மட்டும். இந்த மூன்று மருந்துகளோடு மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்த கூட்டு மருந்து முறையை 2024 செப்டம்பரில் இந்திய அரசும் ஏற்றது.

பெரிய நிறுவனங்களுக்கே இது தெரியும். மனித மரபணு வேறுபாடுகளைத் தனித்தனியே காப்புரிமை வாங்கிப் பூட்டினால் யாராலும் நகர முடியாது என்று கண்டபோது, 1999-ல் பத்து மருந்து நிறுவனங்கள் வெல்கம் அறக்கட்டளையோடு சேர்ந்து எஸ்என்பி கூட்டமைப்பைத் தொடங்கி, கண்டதையெல்லாம் பொதுவில் வைத்தன. 2003-ல் தொடங்கிய கட்டமைப்பு மரபணுவியல் கூட்டமைப்பு, தன் ஆய்வு எதற்கும் காப்புரிமை கோருவதில்லை என்பதையே விதியாக வைத்திருக்கிறது. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் போன்ற நிறுவனங்கள் அதற்குப் பணம் தந்திருக்கின்றன. தங்களுக்குள் கூடி உழைக்க வேண்டியபோது காப்புரிமையை ஒதுக்கி வைக்கிறவர்கள், ஏழை நாடுகளோடு கூட மட்டும் அதையே முன்நிபந்தனை ஆக்குவது எந்த நியாயம்?

காப்புரிமை வாங்கினால் கண்டுபிடிப்பை வெளியிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ரகசியமாகிவிடும் என்ற வாதத்தையும் கேட்கிறேன். பாதி உண்மை. கொரோனா காலத்தில் மாடர்னா, தொற்று நீடிக்கும்வரை காப்புரிமையை வலியுறுத்தமாட்டோம் என்று 2020 அக்டோபரில் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு கேப் டவுனில் ஆஃப்ரிஜென் நிறுவனம் எம்ஆர்என்ஏ தடுப்பூசி மையம் அமைத்து, மாடர்னாவிடம் செய்முறை உதவி கேட்டது, கிடைக்கவில்லை. பொதுவில் இருந்த தகவல்களை வைத்துத் தாங்களே முட்டிமோதிச் செய்தார்கள். ஒருவர் கைப்பழக்கத்தை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பதில்தான் கூட்டாய்வின் உயிர் இருக்கிறது. காப்புரிமைப் பத்திரத்தில் அது எழுதப்படுவதில்லை. அதே காலத்தில் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பீட்டர் ஹோட்டெஸும் மரியா எலெனா பொட்டாசியும் காப்புரிமை எதுவும் எடுக்காமல் உருவாக்கிய தடுப்பூசியை ஐதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கோர்பிவேக்ஸ் என்ற பெயரில் 2021 டிசம்பரில் அதற்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பிற்பாடு நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் போட்டுக்கொண்டது அதைத்தான்.

பணம் யார் போடுவது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அது உண்மையான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மருந்தாய்வுக்குப் பெரும்பணம் வேண்டும், தோல்விகள் அதிகம். ஆனால் காசநோய்க்கு அந்தப் பணத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே அரசுகளும் அறக்கட்டளைகளும்தான் போடுகின்றன. இன்னும் அதிகமாகப் போட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்தியா தன் நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தகுந்த பங்கை ஆய்வில் போடுவதில்லை என்ற குறை எனக்கு உண்டு. பரிசுத்தொகை, முன்கூட்டியே கொள்முதல் உறுதி, நேரடி மானியம் என்று வழிகள் பல இருக்கின்றன. வாங்கும் சக்தி இல்லாதவர்களின் நோய்க்குச் சந்தை உரிமையைப் பரிசாகக் காட்டி முதலீட்டை இழுப்பது மட்டும் வழி ஆகாது என்பதை மேலே சொன்ன மூன்று நிறுவனங்களின் விலகலே காட்டிவிட்டது.

இப்போது நம்மிடம் கேட்கப்படுவது காப்புரிமையோடு நிற்கவில்லை. சோதனைத் தரவுகளின் மீதும் ஏகபோகம் கேட்கிறார்கள். ஒரு நிறுவனம் தன் மருந்து பாதுகாப்பானது என்று நிரூபித்த தரவைச் சில ஆண்டுகளுக்கு அரசின் மருந்துக் கட்டுப்பாட்டாளர்கூட ஜெனரிக் மருந்துக்கு அனுமதி தர அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்பது அதன் பொருள். ஜெனரிக் தயாரிப்பாளர் காத்திருக்க வேண்டும், அல்லது விடை தெரிந்த கேள்விக்காக மறுபடி நோயாளிகளைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அந்தத் தரவு எங்கிருந்து வந்தது? சோதனைக்கு இசைந்த நோயாளிகளின் இரத்தத்திலும் சளியிலும் இருந்து. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் நடந்த பேச்சுகளில் இந்தக் கோரிக்கை வந்தபோது இந்தியா ஏற்கவில்லை. அடுத்து எந்த நாட்டோடு பேசினாலும் ஏற்கக் கூடாது.

அதோடு நின்றுவிடவும் கூடாது. இந்திய மண்ணில் நடக்கும் ஒவ்வொரு கூட்டுச் சோதனையிலும், முதல் நோயாளி சேர்க்கப்படும் முன்பே மூன்று நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். முடிவு நல்லதோ கெட்டதோ முழுத் தரவும் வெளியிடப்பட வேண்டும். மருந்து வென்றால் அதைத் தயாரிக்கும் உரிமம் இங்குள்ள ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும். இன்னொருவர் மருந்தோடு சேர்த்துச் சோதிக்க யார் கேட்டாலும் மருந்து தர மறுக்கக் கூடாது. இவை வந்தால் வெளிநாட்டுக் கூட்டாளிகள் ஓடிவிடுவார்கள் என்பவர்கள், கைரான் நிறுவனம் 2002-ல் எதற்கு ஒப்புக்கொண்டது என்று பார்க்கட்டும். நோயாளிகளில் நாலில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும் நாட்டைத் தவிர்த்துவிட்டு எந்தக் காசநோய் மருந்தையும் உலகுக்கு ஏற்றது என்று நிரூபிப்பது கடினம். பேரம் பேசும் பலம் நம் பக்கம் இருக்கிறது. இந்த நிபந்தனைகளை எழுதித் தரும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கேட்க வேண்டும்.